தாய்க்கொடி: அரபுக் குதிரையின் பழைய வழிகளைக் காப்பது பற்றி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தலைப்பை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்று அறக்கட்டளையினர் சொன்னார்கள். நாற்பது ஆண்டு மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்த்தவன் ஓய்வுபெற்ற பிறகு குதிரைக்கு வந்துவிட்டானே என்று என் மாணவர்கள் சிலர் கேட்டார்கள். காரணம் காயல் துறைமுகம்.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின. வஸ்ஸாப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் கணக்கே சொல்கிறார். கீஷ் தீவின் பெருவணிகர் ஜமாலுத்தீன் தன் பங்காக மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலம் பணம் தந்துவிடும். இப்படி ஒரு வியாபாரம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? வந்த குதிரைக்கு நம்மவர்கள் வறுத்த வாற்கோதுமையும் நெய்யும் போட்டுக் காய்ச்சிய பசும்பாலும் புகட்டினார்களாம். அதே காலத்தில் இந்தப் பக்கம் வந்துபோன மார்க்கோ போலோ வேறொன்றும் எழுதிவைத்தார். இங்கே லாடம் அடிப்பவரும் இல்லை, குதிரை வைத்தியம் தெரிந்தவரும் இல்லை, வணிகர்கள் அப்படிப்பட்டவர்களை வரவும் விடுவதில்லை, வந்த ஆயிரக்கணக்கான குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றார். இங்கேயே பிறக்கும் குட்டிகள் கால் கோணி, சவாரிக்கு ஆகாதவையாகப் பிறக்கின்றன என்றும் எழுதினார்.

அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் என்னை உறுத்துவது இதுதான்: இத்தனை ஆயிரம் குதிரைகள் இறங்கிய கரையில் இன்று அவற்றின் வழி என்று சொல்ல ஒரு குதிரை இல்லை. ஒரே ஒரு பெட்டையின் பெயர்கூட நம்மிடம் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் நெடுந்தீவில், போர்த்துக்கீசர் காலத்திலும் டச்சுக்காரர் காலத்திலும் வந்த குதிரைகளின் சந்ததி இன்றும் காட்டுக் குதிரையாக மேய்கிறது. அங்கே குருதி இருக்கிறது. யார் யாருடைய பிள்ளை என்று சொல்ல ஆள் இல்லை. காயலில் இரண்டுமே இல்லை.

விற்றவர்கள் வீட்டில் கதை வேறு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அரபுப் பாலைவனத்துப் பதூயின் மக்கள் தங்கள் தூய குதிரையை 'அஸீல்' என்றார்கள். நமக்கு இது அந்நியச் சொல் அல்ல. கடையில் 'அசல்தானே?' என்று கேட்கிறோமே, அதுவும் இதே வேரில் பிறந்ததுதான். சண்டைச் சேவலில் 'அசில்' என்கிறோமே, அது இந்தச் சொல்லேதான். சேவல் வளர்க்கிறவர்களைக் கேளுங்கள்: சேவலை யார் கேட்டாலும் தருவார்கள், பெட்டைக் கோழியைத் தரமாட்டார்கள். பதூயின்களும் அப்படியே. பாலைவனத்தில் சண்டைக்குப் போனது பெட்டைக் குதிரை. இரவில் எதிரிக் கூடாரத்தை நெருங்கும்போது ஆண் குதிரை கனைத்துக் காட்டிக்கொடுத்துவிடும், பெட்டை வாய் திறக்காது. ஆகவே பெட்டைதான் சொத்து. ஆண் குட்டிகளில் பொலிக்கு ஒன்றிரண்டை நிறுத்திக்கொண்டு மற்றதை விற்றுவிடுவார்கள். பெட்டையை விற்க நேர்ந்தாலும் முழுதாக விற்பதில்லை. பாதிப் பங்கு விற்பார்கள். அல்லது அவள் ஈனும் முதல் பெண் குட்டி எனக்குத் திரும்ப வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். கடன்பட்டுக் குதிரையை விற்றவனும் கொடியை விற்கவில்லை.

கொடி என்ற சொல்லை நான் வேண்டுமென்றே எடுத்துக்கொள்கிறேன். கொடிவழி என்று நாம் சொல்வதுபோல அவர்கள் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு கொடிப்பெயர் வைத்திருந்தார்கள். குஹைலான், ஸக்லாவி, உபையான், ஹம்தானி, ஹத்பான் என்று ஐந்து பெருங்கொடிகளைச் சொல்வது வழக்கம். இந்த ஐந்துக்கு 'அல் கம்ஸா' என்று பெயர். ஒவ்வொன்றுக்குள்ளும் கிளைகள் பல. இந்தப் பெயர் தாயிடமிருந்து மட்டுமே வரும். தகப்பன் எவ்வளவு பெரிய ஸக்லாவியாக இருந்தாலும் குஹைலா வயிற்றில் பிறந்தது குஹைலான்தான். குஹைலான் என்பது 'குஹ்ல்' என்பதிலிருந்து வந்த பெயர். சுர்மா தீட்டியதுபோல் கண்ணைச் சுற்றிக் கறுத்திருக்கும் தோலைக் குறிக்கும். அதன் பேர்போன கிளை ஒன்றுக்கு குஹைலான் அல் அஜூஸ் என்று பெயர். அஜூஸ் என்றால் கிழவி. ஓடும் வழியில் பிறந்த பெண் குட்டியைத் தூக்கி வளர்த்த கிழவி ஒருத்தியின் கதையை அதற்குச் சொல்வார்கள். கதையை நம்புங்கள், நம்பாமல் போங்கள்; உலகத்தின் மதிப்புமிக்க குதிரைக்கொடி ஒன்று ஒரு கிழவியின் பெயரில் இருக்கிறது.

குதிரை கை மாறும்போது 'ஹுஜ்ஜா' என்ற சாட்சிப் பத்திரம் கூடவே போகும். இவள் இன்ன கொடி, இவள் தாய் இன்னாருடைய பெட்டை, இதற்கு நாங்கள் சாட்சி என்று குலப் பெரியவர்கள் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். நம் ஊர்ச் சந்தையில் கயிறு மாறினால் பேச்சு முடிந்தது; பிறகு விற்றவனுக்குப் பொறுப்பில்லை. திருவிளையாடலில் சோமசுந்தரக் கடவுளே குதிரை வணிகராக வந்து கயிறு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிரவே லாயத்தில் பரியெல்லாம் நரியாயிற்று. அரிமர்த்தன பாண்டியன் ஒரு ஹுஜ்ஜா கேட்டு வாங்கியிருந்தால் மாணிக்கவாசகர் வைகை மணலில் நின்றிருக்க வேண்டாம். (சிரிப்பு.) ஆனால் நமக்குத் திருவாசகம் கிடைத்திருக்குமோ என்னவோ.

எழுத்து அதிகம் புழங்காத ஒரு மக்கள் மனப்பாடமாக வைத்திருந்த பல தலைமுறைத் தாய்ப்பெயர்களை முதலில் எழுத்தாக்க ஆசைப்பட்டவர் எகிப்தை 1848 முதல் 1854 வரை ஆண்ட அப்பாஸ் பாஷா. கொடுமைக்காரர் என்று பெயரெடுத்தவர், குதிரைப் பித்தர். பாலைவனக் குலங்களிடம் ஆளனுப்பினார். குதிரை வாங்க மட்டும் அனுப்பவில்லை. ஒவ்வொரு கொடியும் எங்கே தொடங்கியது, எந்தக் கூடாரத்திலிருந்து எந்தக் கூடாரத்துக்குப் போனது என்று ஷேக்குகளைக் கேட்டு, ஆணை வைக்கச் சொல்லி, வாக்குமூலமாக எழுதி வாங்கினார். நடக்க முடியாத ஒரு கிழட்டுப் பெட்டையைப் பெரும் பணம் கொடுத்து வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றி எகிப்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். சவாரி போக முடியாது, ஓட முடியாது. ஒரே ஒரு மகள் ஈன்றால் போதும் என்ற கணக்கு அது.

1854-இல் பென்ஹா அரண்மனையில் அப்பாஸ் பாஷா கொலையுண்டார். குதிரைகள் மகன் இல்ஹாமி பாஷாவுக்கு வந்தன. சில ஆண்டுகளில் அவரும் இறக்க, ஏலத்தில் சிதறின. நல்லவற்றை அலி பாஷா ஷெரீப் என்ற பிரபு வாங்கிச் சேர்த்தார். 1870-களில் எகிப்தில் குதிரைக் கொள்ளைநோய் வந்தது. அது விட்டுவைத்ததைக் கடன் தின்றது. 1897-இல் அவர் லாயம் ஏலத்துக்கு வந்தபோது, ஒரு காலத்தில் அரசர்கள் பொறாமைப்பட்ட கூட்டத்தில் எஞ்சியது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைத் தேடித் தேடி வாங்கியவர் ஓர் ஆங்கிலேயப் பெண்.

லேடி ஆன் பிளண்ட். கவிஞர் பைரனின் பேத்தி. கணினி நிரல் எழுதிய முதல் ஆள் என்று நாம் படிக்கும் ஏடா லவ்லேஸின் மகள். கணவர் வில்ஃபிரட் பிளண்ட் கவிஞர், பேரரசை எதிர்த்துப் பேசியவர். இருவரும் 1883-இல் கொழும்புக்கு வந்து, அங்கே நாடு கடத்தப்பட்டிருந்த எகிப்தியப் புரட்சித் தலைவர் அராபி பாஷாவைப் பார்த்துவிட்டுத் தென்னிந்தியா வழியாகச் சென்னைக்கும் வந்தார்கள். அது வேறு கதை. குதிரைக்கு வருவோம். 1878-இல் அலெப்போவிலிருந்து யூஃப்ரடீஸ் கரையோடு போய் வாங்கிய குதிரைகளைக் கொண்டு இங்கிலாந்தின் சசெக்ஸில் கிராபெட் பண்ணையைத் தொடங்கினார்கள். பிறகு கெய்ரோ அருகே ஷேக் உபைத் என்ற தோட்டமும் வாங்கினார்கள். அலி பாஷா ஷெரீபிடமிருந்து 1889-இல் வாங்கிய மெஸாவூத் என்ற பொலிகுதிரை கிராபெட்டின் முகத்தையே மாற்றியது.

வில்ஃபிரட் பேசியதும் எழுதியதும் அதிகம். பண்ணையைத் தாங்கியது லேடி ஆனின் நோட்டுப் புத்தகம் என்பது என் முடிவு. அவர் அரபி கற்றார். கூடாரத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே கேட்டார்: இவள் தாய் யார், பாட்டி யாரிடமிருந்து வந்தாள், பெரியம்மா மகள் இப்போது எங்கே? கேட்டதை அன்றிரவே எழுதினார். அவர் வாங்கியவற்றில் ரொடானியா என்ற செந்நிறப் பெட்டையை மட்டும் சொல்கிறேன். 1881-இல் வாங்கும்போதே பத்து வயதைத் தாண்டியவள். குஹைலான் அல் அஜூஸ், அந்தக் கிழவியின் கொடி. அவளுக்கு ரோஸ் ஆஃப் ஷாரன், ரோஸ் ஆஃப் ஜெரிகோ, ரோஸ்மேரி என்று மூன்று மகள்கள் வாய்த்தார்கள். இன்று போலந்திலும் ரஷ்யாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அவள் வழிப் பெட்டைகள் நிற்கின்றன. மூன்றும் ஆணாகப் பிறந்திருந்தால்?

இந்த இடத்தில் மாணவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. பெட்டைக் குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ பதினொரு மாதம். ஆண்டுக்கு ஒரு குட்டி, அதுவும் எல்லா ஆண்டும் இல்லை. ஆண் பெண் சரிபாதி. இரண்டு குட்டி போட்டுச் செத்த பெட்டைக்கு இரண்டும் ஆணாக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு, மூன்று போட்டவளுக்கு எட்டில் ஒன்று. அந்த ஆண்கள் உலகப் புகழ் பெறலாம், ஆயிரம் குட்டிகளுக்குத் தகப்பனாகலாம். தாய்க்கொடி அன்றோடு அறுந்தது. பெண் குட்டி பிறந்தாலும் அவள் பிழைக்க வேண்டும், சினை பிடிக்க வேண்டும், அவளை வைத்திருப்பவருக்கு அவள் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆண் வழிக்கு இந்த அவசரமில்லை. ஒரு பொலிகுதிரை ஒரே பருவத்தில் பல டஜன் பெட்டைகளுக்குச் சேரும். பெட்டையின் வயிறு ஒன்றுதான்.

பழைய கொடிகள் அழிந்தது போரால் என்று பொதுவாகச் சொல்வார்கள். போலந்தைக் காட்டுவார்கள். காட்டத்தக்க கதைதான். 1845-இல் ஜூலியஸ் ஜெடுஷித்ஸ்கி என்ற போலந்துப் பிரபு பாலைவனத்திலிருந்து கஸெல்லா, மிலெஹா, சஹாரா என்ற மூன்று பெட்டைகளைத் தன் பண்ணைக்குக் கொண்டுவந்தார். முதல் உலகப் போரும் ரஷ்யப் புரட்சியும் அந்த வட்டாரப் பண்ணைகளைத் துடைத்தன. ஸ்லாவுத்தா பண்ணையின் இளவரசர் சங்குஷ்கோ 1917-இல் சிப்பாய்கள் கையில் மாண்டார். 1817-இல் தொடங்கிய யானூவ் பொட்லாஸ்கி அரசுப் பண்ணை, போர் முடிந்ததும் 1919-இல் எஞ்சிய சில பெட்டைகளை வைத்து மறுபடி தொடங்கியது. 1939-இல் சோவியத் படை வந்து பெரும்பாலான குதிரைகளை ஓட்டிக்கொண்டு போயிற்று. பிறகு ஜெர்மானியர் கையில் பண்ணை இருந்தது. 1944-இல் கிழக்கிலிருந்து போர்முனை நெருங்கியதும் மேற்கே கிளம்பினார்கள். 1945 பிப்ரவரி 13 இரவு பொலிகுதிரைகள் டிரெஸ்டன் நகரத்துக்குள் நடந்துகொண்டிருந்தன. குண்டுவீச்சு தொடங்கியது. நகரமே நெருப்பு. இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகள் அந்த இரவில் போயின. யான் ஜினியேவிச் என்ற குதிரைக்காரர் விட்ராஸ், வியெல்கி ஷ்லெம் என்ற இரண்டு பொலிகுதிரைகளின் கயிற்றையும் கையிலிருந்து விடவே இல்லை. போருக்குப் பிந்திய போலந்து அரபுக் குதிரை வளர்ப்பு பெரிதும் அந்த இரண்டின் மேல்தான் நின்றது. கஸெல்லா, மிலெஹா, சஹாரா மூவருடைய பெயரும் இன்னும் போலந்துப் பதிவேட்டில் வாழ்கின்றன.

பாருங்கள், நெருப்புக்குள்ளிருந்தும் கொடி வந்தது. ஏன்? அதன் மதிப்பு எல்லோருக்கும் தெரியும். உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்ற ஒருவர் இருந்தார். அமைதிக் காலத்தில், புல் நிறைந்த பண்ணையில், நல்ல விலைக்கு விற்கிற ஊரில் அறுந்த கொடிகளுக்கு அழக்கூட ஆளில்லை. அங்கே கொல்வது மோஸ்தர். போரைவிட மோஸ்தருக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

மோஸ்தர் எப்படிக் கொல்லும்? ஒரு பொலிகுதிரைக்குப் பெயர் வரும். எல்லோரும் தங்கள் பெட்டையை அங்கே கொண்டுபோவார்கள். பிறந்தவை ஒரே முகம், ஒரே கழுத்து. கண்காட்சியில் அந்த முகத்துக்குத்தான் பரிசு. அந்த முகம் இல்லாத பழைய கொடிப் பெட்டையைச் சினைக்கு விடமாட்டார்கள். யாரோ ஒரு சிறுவனுக்குச் சவாரிக் குதிரையாக விற்றுவிடுவார்கள். நல்ல இடம்தான், அன்பாக வைத்திருப்பார்கள். இருபது வயதில் குட்டியில்லாமல் சாவாள். யாருக்கும் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

எகிப்தைப் பாருங்கள். அப்பாஸ் பாஷா, அலி பாஷா ஷெரீப் வழி எஞ்சியவற்றையும், லேடி ஆன் இறந்த பிறகு 1920-இல் கிராபெட்டிலிருந்து திரும்ப வாங்கியவற்றையும் வைத்து ராயல் அக்ரிகல்சுரல் சொசைட்டி தன் கூட்டத்தை வளர்த்தது. 1952 புரட்சிக்குப் பின் அதன் பண்ணை அல் ஸஹ்ரா ஆயிற்று. அங்கே 1934-இல் பிறந்த நசீர் என்ற வெள்ளைக் குதிரை, ஹங்கேரியரான திபோர் வான் பெட்கோ சாண்ட்னர் நிர்வாகியாக வந்த பிறகு தலைமைப் பொலி ஆயிற்று. அருமையான குதிரை, அதில் சந்தேகமில்லை. அதன் மகன் ஹத்பான் என்ஸாஹி 1955-இல் ஜெர்மனிக்குப் போனது. வேறு இரு மகன்கள் அன்ஸாத்தா இப்ன் ஹலீமாவும் மொராஃபிக்கும் அமெரிக்காவுக்குப் போயின. அஸ்வான் அணைக்கு நன்றியாக எகிப்து அதிபர் நாசர் 1963-இல் சோவியத் நாட்டுக்கு அனுப்பிய குதிரைக்கு அஸ்வான் என்றே பெயர் வைத்தார்கள். அதுவும் நசீரின் மகன். இன்று எகிப்திய வழிக் குதிரைகளில் நசீர் வராத வம்சாவளிப் பட்டியலைத் தேடிப் பிடிக்க வேண்டும். பந்தயக் குதிரையில் இது இன்னும் முற்றிப்போன நிலை: இங்கிலீஷ் தரோபிரெட்டுக்கு மூன்று மூதாதைப் பொலிகுதிரைகள் என்று பாடத்தில் படிக்கிறோம், இன்றைய ஆண் குதிரைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அந்த மூன்றில் ஒன்றான டார்லி அரேபியனின் நேர் ஆண் வழி.

கிராபெட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். லேடி ஆன் 1917-இல் கெய்ரோவில் இறந்தார். குதிரைக்காகத் தகப்பனும் மகளும் நீதிமன்றம் போனார்கள். மகள் லேடி வென்ட்வொர்த் ஜெயித்து, பண்ணையைப் பெரிதாக்கி, 1920-இல், போலந்துப் பிரபு ஒருவரின் பண்ணையில் பிறந்த ஸ்கவ்ரோனெக்கை வாங்கித் தாயின் குதிரைகளோடு கலந்தார். தாய் உயிரோடு இருந்திருந்தால் சம்மதித்திருப்பாரா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். 1971-இல் பண்ணை கலைந்தது. எம்-23 நெடுஞ்சாலை அதன் நடுவே போயிற்று.

இப்போது காப்பாற்றிய கதை ஒன்று. ஹோமர் டேவன்போர்ட் என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் 1906-இல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் அனுமதிப் பத்திரத்தோடு அலெப்போ பக்கம் போய் 27 குதிரைகளை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். அனுமதிக்குச் சிபாரிசு செய்தவர் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். பத்திரிகைகளில் பெரிய செய்தி. 1912-இல் டேவன்போர்ட் இறந்தார். குதிரைகள் பல கைகளுக்குப் போயின. சோள அவல் செய்து பணக்காரரான கெல்லாக் கலிஃபோர்னியாவில் வைத்திருந்த பண்ணைக்கும் சில போயின. ஐம்பதே ஆண்டில் மற்ற வழிகளோடு கலந்து கலந்து, வேறு கலப்பில்லாத டேவன்போர்ட் குதிரைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன, பாதிக்குமேல் கிழடு. யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை.

1950-களின் நடுவில் இல்லினாய் மாநிலத்து விவசாயி சார்லஸ் கிரேவர், டிரிபோலி என்ற பொலிகுதிரையை வாங்கினார். பிறகு எங்கெங்கோ கிடந்த கிழட்டுப் பெட்டைகளை ஒவ்வொன்றாகத் தேடினார். இருபது வயதுப் பெட்டையைச் சினையாக்குவது லேசான வேலையில்லை. இந்த அவையில் இருக்கும் மகப்பேறு மருத்துவர்களுக்குத் தெரியும். கருப்பைச் சுவர் தேய்ந்திருக்கும், சினை தங்காது, தங்கினாலும் பால் போதாது. பிறந்த ஒவ்வொரு பெண் குட்டியும் ஒரு கொடி பிழைத்த கணக்கு. இன்று டேவன்போர்ட் குதிரைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன என்றால் அந்தக் கிழவிகளின் வயிற்றால்தான். 1970-களில் அமெரிக்காவில் அல் கம்ஸா என்ற பெயரிலேயே ஒரு சங்கம் அமைத்து, எந்தக் குதிரையின் எல்லா மூதாதையரும் பதூயின் கூடாரம் வரை போகின்றன என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பட்டியல் போட்டார்கள். பட்டியலிலேயே எந்த மூதாதையின் வழி அருகிவருகிறது என்றும் கணக்கு வைக்கிறார்கள். என் கண்ணுக்கு அந்தப் பட்டியல்தான் இந்தக் காலத்து ஹுஜ்ஜா.

ஆனால் இங்கே ஒரு வேலியும் முளைக்கிறது. பாலைவனம் வரை காகிதம் இருந்தால்தான் அஸீல், இல்லாவிட்டால் இல்லை என்ற வேலி. ஜெர்மனியின் வுர்டம்பெர்க் மன்னர் முதலாம் வில்லியம் 1817-இல் வைல் பண்ணையைத் தொடங்கினார். அங்கே வந்த முரானா என்ற பெட்டையின் தாய்க்கொடி, 1932-இல் மார்பாக்குக்கு இடம் மாறிய பிறகும் இன்றுவரை அறுபடவே இல்லை. இருநூறு ஆண்டு! 1955-இல் நசீரின் மகன் அங்கே வந்து புது ரத்தம் கொடுத்தது. ஆனால் இடையில் சில மூதாதையருக்குக் காகிதம் போதாது என்று கறார்ப் பேர்வழிகள் இந்தக் கொடியை அஸீலில் சேர்ப்பதில்லை. போலந்திலும் 1810 வாக்கில் உள்ளூர்ப் பண்ணைகளில் தொடங்கும் சில தாய்வழிகளுக்கு இதே கதி. சங்கங்கள் தங்கள் விதியைத் தாங்கள் வைத்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை. என்னைக் கேட்டால் இருநூறு ஆண்டு தாயும் மகளுமாக எழுதிவைத்த ஒரு கொடி காக்கத்தக்கது. காகிதத்தின் முதல் பக்கம் கிழிந்திருக்கிறது என்பதற்காகப் புத்தகத்தை எரிப்பார்களா?

மரபணு ஆய்வும் வேலிக்காரர்களுக்குக் கொஞ்சம் அதிர்ச்சி தந்தது. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டும் வருவது. ஆகவே தாய்க்கொடியைச் சோதிக்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது. 2000-ஆம் ஆண்டு ஆன் பௌலிங் குழுவினர் பதிவேட்டில் உள்ள 34 தாய்வழிகளைச் சோதித்து 27 வகை மைட்டோகாண்ட்ரியா கண்டார்கள். அரபுக் குதிரை ஒரே தாயின் பிள்ளைகள் இல்லை என்று தெரிந்தது. ஒரே கொடிப்பெயர் தாங்கியவை எல்லாம் ஒரே மைட்டோகாண்ட்ரியா தாங்கவில்லை என்பதும் தெரிந்தது. அப்படியானால் பதூயின் பொய் சொன்னானா? நான் அப்படி எடுக்கமாட்டேன். நம் ஊர்களில் ஒரே குலப்பெயர் வெவ்வேறு வழியில் வந்து சேர்வதில்லையா? பெயர் வைத்தவர்கள் மனிதர்கள். பெயர் தவறினாலும் அந்தப் பெட்டையின் வயிற்றில் உள்ளது வேறெங்கும் இல்லாததாக இருக்கலாம். 2020-இல் 12 நாடுகளின் 378 அரபுக் குதிரைகளின் மரபணுத் தொகுதியைப் பார்த்த ஆய்வு, மத்திய கிழக்கில் எஞ்சியிருக்கும் குதிரைகளில்தான் மரபு வகைமை அதிகம், கண்காட்சிக்கென்று குறுகிய வழியில் வளர்த்தவற்றில் குறைவு என்று காட்டியது. மோஸ்தர் பற்றி நான் சொன்னதற்கு அது சாட்சி.

காக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாலும் ஆபத்துதான். நெருங்கிய உறவில் சேர்த்துக்கொண்டே போனால் ஒளிந்திருக்கும் குறை வெளியே வரும். ஸ்கிட் என்று சுருக்கமாகச் சொல்லும் நோயெதிர்ப்புக் குறைபாட்டை 1973-இல் அரபுக் குட்டிகளில் கண்டார்கள். பிறக்கும்போது நன்றாக இருக்கும், தாயிடம் குடித்த சீம்பாலின் காப்பு தீர்ந்ததும் ஒரு சளி வந்தால் போய்விடும். இன்னொன்று லாவெண்டர் நோய்; எகிப்திய வழியில் அதிகம். குட்டி வெள்ளிப்பூச்சுப்போல அழகான நிறத்தில் பிறக்கும், எழுந்து நிற்கவே நிற்காது. அந்த அழகைப் பார்க்கிறவர் மனம் என்ன பாடுபடும்! இவை எல்லாம் தாய் தகப்பன் இருவரும் குறையைத் தாங்கினால் மட்டும், அதிலும் நாலில் ஒரு குட்டிக்கு வருபவை. 1997-இல் ஸ்கிட்டுக்கும் 2010-இல் லாவெண்டருக்கும் மரபணுச் சோதனை வந்துவிட்டது. இரண்டு மயிர்க்கற்றை அனுப்பினால் போதும்.

சோதனை வந்ததும் முதலில் செய்த தவறு என்ன தெரியுமா? குறை தாங்கும் பெட்டைகளை எல்லாம் வளர்ப்பிலிருந்து ஒதுக்கியது. மருத்துவர்களாகிய நாமும் அதற்குத் தலையாட்டினோம். அருகிய கொடியின் கடைசி மகள் குறை தாங்குகிறாள் என்பதற்காக அவளை ஒதுக்கினால் நோயோடு கொடியும் போகும். குறையில்லாத பொலியோடு அவளைச் சேர்த்தால் நோயுள்ள குட்டி பிறக்கவே வழியில்லை. பாதிக் குட்டிகள் குறையே இல்லாமல் பிறக்கும். அந்தப் பாதியில் ஒரு மகளை எடுத்துக்கொண்டால் அடுத்த தலைமுறையில் கொடி சுத்தம். உலக அரபுக் குதிரைக் கழகமும் இதைத்தான் சொல்கிறது. சோதி, தெரிந்து சேர், ஒதுக்காதே.

விந்தை உறைநிலையில் வைக்கலாம், கருவை எடுத்து வேறு பெட்டையின் வயிற்றில் வளர்க்கலாம் என்று இளைஞர்கள் சொல்வார்கள். செய்யுங்கள். முதியவள் கரு தருவாள், இளையவள் சுமப்பாள். கிரேவர் காலத்தில் இது இருந்திருந்தால் எத்தனை கொடி தப்பியிருக்கும்! ஆனால் உறைந்த விந்தில் தாய்க்கொடி இல்லை என்பதை மறக்க வேண்டாம். பொலிகுதிரையை ஒரு குழாயில் அடைத்துவிடலாம். பெட்டையை யாராவது புல் போட்டு வளர்த்தாக வேண்டும்.

பஹ்ரைன் அரச குடும்பத்து லாயத்தில் பழைய கொடிகள் பல நெடுங்காலம் வாய்மொழியிலேயே வந்தன. எழுதாமல் ஞாபகத்தில் வைத்திருந்தவர்களில் லாயத்துப் பணியாளர்களுக்குப் பெரிய பங்குண்டு. வளைகுடா லாயங்களில் இன்று புல் போடும் கைகளில் இந்தியக் கைகள் நிறைய. மருத்துவப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம் பிள்ளைகளும் போகிறார்கள். ஒரு காலத்தில் அவர்கள் குதிரை இங்கே வந்தது, இப்போது நாம் அவர்கள் குதிரையிடம் போகிறோம்.

இந்த அவையில் உட்கார்ந்திருக்கும் யாராவது அடுத்த ஆண்டு தோஹாவிலோ மனாமாவிலோ ஒரு லாயத்துக்குள் நுழையலாம். முன்வரிசையில் பரிசு வாங்கிய குதிரைகளைக் காட்டுவார்கள், பாருங்கள், பாராட்டுங்கள். பிறகு கடைசிக் கொட்டடிக்குப் போங்கள். அங்கே ஒரு கிழட்டுப் பெட்டை நிற்பாள். அவள் பெயரைக் கேளுங்கள், அவள் தாய் பெயரைக் கேளுங்கள், மகள் இருக்கிறாளா என்று கேளுங்கள். இல்லை என்றால் அன்றைக்கே ஸ்கேன் கருவியை எடுத்து அவள் கருப்பையைப் பாருங்கள்.